விற்பனைக்கு வரும் வீடும் அதன் ஒளிப்படமும்

'வீடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. குடியிருக்கும் இல்லம் ஒன்று. பற்றை விடுவதால் எய்தும் பேறு மற்றொன்று. இரண்டுமே 'விடு' என்னும் வேரிலிருந்து கிளைத்தவை என்பர். பிறந்து வளர்ந்த இல்லத்தை விற்க நேர்ந்தவர்களுக்கு இந்த இருபொருளும் ஒருங்கே விளங்கும். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, தொழிலில் ஏற்பட்ட கடன், உடன்பிறந்தோர் பாகப்பிரிவினை என ஏதேனும் ஒரு நெருக்கடியே நம் பகுதியில் பழைய வீடுகள் பலவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. அந்நிலையில் உள்ள குடும்பத்துக்கு, வீடு உரிய காலத்தில் உரிய விலைக்குப் போவதும், ஓராண்டு கிடந்து விலை இறங்கிப் போவதும் வாழ்வையே மாற்றவல்ல வேறுபாடு. அவ்வேறுபாட்டில் ஒளிப்படத்துக்கு உள்ள பங்கினைக் கோவைச் சூழலில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சு வழக்கில் 'புகைப்படம்' என்கிறோம். புகைக்கும் இக்கலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 'நிழற்படம்' என்பாரும் உளர். ஒளியால் வரைதல் என்னும் கிரேக்க மூலத்துக்கு 'ஒளிப்படம்' என்பதே இயைபுடையது. வீட்டைப் படமெடுக்கப் புகுவார்க்கு அச்சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது என்பதனால் அதனையே இங்குக் கையாள்கிறோம்.

ஒரு தலைமுறைக்கு முன்னர் கோவையில் வீடு கைமாறிய முறை வேறு. உக்கடத்திலோ கணபதியிலோ ஒரு வீடு விலைக்கு வருகிறதென்றால், அச்செய்தி முதலில் தரகரின் காதுக்கும், பின்னர்த் தேநீர்க் கடைக்கும், தொழுகை முடித்து வெளிவரும் பெரியவர்களுக்கும், ஆலைச் சங்கு ஒலித்தபின் வீடு திரும்பும் தொழிலாளர்களுக்கும் போய்ச் சேரும். நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தால் மூன்று வரிக்குள் எல்லாம் அடங்கிவிடும்: ஐந்து சென்ட், கிழக்குப் பார்த்த வாசல், சிறுவாணி இணைப்பு, வில்லங்கமற்ற பத்திரம். படித்தவர் மறுநாளே நேரில் வந்து நிற்பார். காண்பது முதற்படி, பேசுவது இரண்டாம் படி.

இன்று வாங்குவோரில் பலர் துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கின்றனர். உள்ளூரிலேயே இருப்பவர்கூடச் சரவணம்பட்டியிலிருந்து குனியமுத்தூருக்கு வாகன நெரிசலில் வந்து பார்க்குமுன், படத்தை அனுப்புமாறு கேட்கிறார். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்ற தளங்களில் ஒரே விலைக்குப் பத்து வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் நகத்தளவே ஒரு படம். இருண்டு சாய்ந்த படத்தைக் கண்டதும் விரல் அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறது. அவ்வீட்டின் தேக்கு நிலையையும் வற்றாத கிணற்றையும் எடுத்துச் சொல்வதற்கு யாருக்கும் வாய்ப்பே வருவதில்லை. நாளாக நாளாக, 'இவ்வளவு நாள் விற்கவில்லையே, ஏதேனும் குறை இருக்குமோ' என்னும் ஐயம் அதன்மேல் படியத் தொடங்குகிறது. குறை வீட்டில் இல்லை. படத்தில்தான் இருந்தது என்பதை விற்பவர் அறிவதுமில்லை.

வணிக உலகம் இவ்வுண்மையைச் சற்று முன்பே உணர்ந்துகொண்டது. நாள் வாடகைக்கு வீடுகளை ஏற்பாடு செய்துதரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் தொடக்கக் காலத்தில், 2009ஆம் ஆண்டு, நியூயார்க் நகரில் வணிகம் மந்தமாக இருந்தது. வீட்டுக்காரர்கள் எடுத்துப் போட்ட மங்கலான படங்களே அதற்குக் காரணம் எனக் கண்ட நிறுவனர்கள், தாமே கேமராவுடன் வீடுவீடாகச் சென்று புதிய படங்கள் எடுத்தனர், வருவாய் உயர்ந்தது. 2012இல் மும்பையில் ஐ.ஐ.டி. மாணவர்கள் சிலர் தொடங்கிய ஹவுசிங் நிறுவனமும், விற்பவர் தரும் படத்தை நம்பியிராமல் தன் ஆட்களை அனுப்பிப் படமெடுக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது.

முற்றம் கண்டால் வீடு கண்டதாகுமா?

கொங்கு நாட்டின் பழைய தொட்டிக்கட்டு வீட்டை எண்ணிப் பார்ப்போம். முன்னே திண்ணை, அடுத்து ஆசாரம், நடுவே வானம் பார்த்த தொட்டி, அதனைச் சுற்றி உள்நோக்கிச் சரிந்த ஓட்டுக்கூரை, ஓரங்களில் அறைகள். ஓர் ஊரில் இத்தகைய வீடு ஒன்றைக் கண்டவர் மற்றொன்றின் உள்ளமைப்பை ஏறத்தாழ ஊகித்துவிடலாம். தொட்டியில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தால் வீடு முழுவதும் விளங்கிவிடும். இன்றைய வீடுகள் அவ்வாறல்ல. வெளிமுகம் ஒன்றாக இருக்கும் இரு வீடுகளுள் ஒன்றில் சமையலறை கிழக்கு வெளிச்சத்தில் திளைக்கும். மற்றொன்றில் நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கும்.

இதே சிக்கலை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர் என்பது வியப்புக்குரியது. ஹனஃபி சட்ட வழியில் 'கியாருர் ருஃயா' என்றோர் உரிமை உண்டு. காணாத பொருளை விலைக்கு வாங்கியவர், கண்டபின் வேண்டாமெனில் விலகிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். அவ்வாறாயின் ஒரு வீட்டில் எதனைக் கண்டால் வீட்டையே கண்டதாகும்? முற்றத்தைக் கண்டால் போதும் என்பது முன்னோர் தீர்ப்பு. இமாம் அபூஹனீஃபாவின் மாணவராகிய ஸுஃபர் அதனை ஏற்கவில்லை. அறைகளுக்குள் புகுந்து பார்த்தல் வேண்டும் என்றார். 12ஆம் நூற்றாண்டில் 'ஹிதாயா' என்னும் சட்ட நூலை இயற்றிய மர்கீனானி இரு கருத்துகளையும் எடுத்துரைக்கிறார். முற்றம் போதும் என்ற தீர்ப்பு, வீடுகள் ஒன்றுபோல் கட்டப்பட்ட அக்காலத்து வழக்கத்தை ஒட்டியது. வீடுகள் வேறுபட்டுவிட்ட தம் காலத்தில் உள்ளே நுழைந்து பார்த்தலே வேண்டற்பாலது என்பது அவர்தம் முடிபு. வெளியைப் பார்ப்பது உள்ளை அறிவிக்காது என்று அவர் காட்டும் காரணம், கைப்பேசியில் வீடு பார்க்கும் நம் காலத்துக்கும் பொருந்துகிறது.

நம்மவர் அனுப்பும் படங்களை நோக்குங்கள். பத்துப் படம் என்றால் ஆறு வெளிமுகமாகவே இருக்கும். 'எலிவேஷன்' என்று நாம் பெருமையாகச் சொல்லும் முகப்புக்குச் செலவழித்த பணம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்னும் ஆசை அதற்குக் காரணமாகலாம். ஷார்ஜாவில் இருந்துகொண்டு வாங்கக் கருதுபவருக்கு வேண்டியது அதுவன்று. சமையல் மேடை, குளியலறை, மாடிப்படி, மொட்டைமாடி, தரைத்தொட்டி, மோட்டார் ஆகியவற்றை அவர் காணவேண்டும். சிறுவாணி நீருக்கு ஒரு குழாய், ஆழ்குழாய் உப்புநீருக்கு ஒரு குழாய் எனத் தனித்தனியே இருந்தால் இரண்டையும் ஒரே படத்தில் காட்டிவிடலாம். கோவைக்காரருக்கு அந்த ஒரு படம் நூறு சொல்லுக்குச் சமம். வாசலில் நின்று தெருவின் இருபுறமும் ஒவ்வொரு படம் எடுத்தல் வேண்டும். தெரு அகலம் முப்பதடியா இருபதடியா என்பது விலையையே தீர்மானிப்பதாகும்.

கோட்டைமேடு போன்ற பழைய பகுதிகளின் நிலை தனியானது. தெரு குறுகலாக இருப்பதனால் பின்னோக்கி நகர்ந்து நின்று முகப்பு முழுவதையும் படத்துக்குள் அடக்க இயலாது. எதிர்வீட்டார் இசைவுடன் அவர்தம் மாடியில் நின்று எடுத்தல் ஒரு வழி. அதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. அவ்வீடுகள் முகம் ஒடுங்கி உள்ளே நீண்டவை. தலைவாசலில் நின்று, நேர்கோட்டில் உள்ள கதவுகளையெல்லாம் திறந்துவைத்து, கொல்லை வெளிச்சம் தெரியுமாறு ஒரு படம் எடுத்தால் முகப்பு மறைத்த ஆழம் வெளிப்பட்டுவிடும். பன்னிரண்டடி முகப்பை மட்டும் கண்டு ஒதுக்கியவர்கூட அப்படத்தைக் கண்டு நின்று நோக்குவார்.

கதிரவனே முதற் கலைஞன்

உலகில் இன்று எஞ்சியுள்ள பழமையான ஒளிப்படம் ஒரு வீட்டைப் பற்றியதே என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. பிரான்சு நாட்டு நீப்ஸ் என்பார் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மேல்மாடிச் சாளரத்தின் வழியே தெரிந்த கூரைகளையும் சுவர்களையும் உலோகத் தகட்டில் பதித்தார். பதிவதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கதிரவன் வானில் நெடுந்தொலைவு நகர்ந்துவிட்டதனால், எதிரெதிரான சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்த விந்தையை அப்படத்தில் காணலாம். இன்றைய கேமராவுக்கு நொடியின் சிறு கூறே போதும். ஆதலால் எந்தச் சுவரில் எப்போது வெயில் விழும் என்பதை நாம்தான் அறிந்து காத்திருத்தல் வேண்டும்.

கட்டடத்துக்கும் கதிருக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் நக்கீரர், அரண்மனை எழுப்புவோர் கோல் நட்டு, நிழல் கண்டு, திசை தெளிந்து, நூலிட்டு வகுத்தமையைப் பாடியிருக்கிறார். கோவை நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. இதனால் ஒரு விளைவு உண்டாகிறது. சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நண்பகற் கதிரவன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஏனைய மாதங்களில் தெற்கே சாய்ந்துவிடும். வடக்குப் பார்த்த வீடு என்றால் வாங்குவோர் விரும்புவர்; ஆனால் மார்கழியில் அதன் முகப்பை நண்பகலில் படமெடுத்தால் வெயில் வீட்டின் பின்புறம் இருக்க, முகம் கறுத்து வானம் மட்டும் வெளுத்துத் தோன்றும். அக்காலத்தில் கதிர் எழுமுன்னர் உள்ள தெளிந்த ஒளியிலோ, மெல்லிய மேகம் பரவிய வேளையிலோ எடுத்தலே தக்கது. ஆனியிலும் ஆடியிலும் அதே முகப்பு தானாகவே ஒளிபெறும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகங்கள் அம்மாதங்களில் வானுக்குத் திரையிட்டாற்போல் நிற்பதும் படத்துக்கு நன்மையே. நிழல்கள் கடுமையாக விழா.

கிழக்கு வாசலுக்குக் காலை பத்து மணிக்குள், மேற்கு வாசலுக்கு மாலையில் என்பது எவரும் அறிந்ததே. வடவள்ளி, பேரூர், ஆலாந்துறைப் பக்கங்களில் மட்டும் ஒன்றை நினைவிற் கொள்க: மேற்கே மலை நிற்பதனால் அங்கு வெயில் சற்று முந்தியே மறைந்துவிடும். ஆறு மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் எனக் காத்திருந்தால் ஒளி போய்விடும்.

வீட்டினுள் வேறு வகையான கவனம் வேண்டும். கேமராவை நெஞ்சளவு உயரத்தில், சாய்க்காமல், நேராகப் பிடித்தல் வேண்டும். சற்று அண்ணாந்து பிடித்தாலும் தூண்கள் உள்நோக்கிச் சரிந்து, உறுதியான வீடும் விழப்போவதுபோல் தோன்றும். அறையின் ஒரு மூலையிலோ வாயிற்படியிலோ நின்றால் இரு சுவர்களும் தரையும் ஒருங்கே புலப்படும். பளிச்சிடும் மின்னொளியைத் தவிர்க்க வேண்டும். வழவழப்பான தரை ஓட்டிலும் கிரானைட் மேடையிலும் அது வெள்ளைத் திட்டாக எதிரொளிக்கும். சன்னல்களைத் திறந்தால் வெளிச்சம் போதுமெனில் குழல் விளக்கை அணைத்துவிடலாம். பகலொளியும் குழல் விளக்கொளியும் கலந்தால் சுண்ணாம்புச் சுவரும் நோயுற்ற நிறம் கொள்ளும். பழைய வீடுகளின் செம்மண் நிறச் சிமெண்டுத் தரையைத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் அதன் மெருகு தனியே தெரியும். படமெடுக்குமுன் கைப்பேசியின் கண்ணாடியைத் துணியால் துடைக்க மறவற்க. மங்கலான படங்களுள் பலவற்றுக்கு விரல்ரேகையே காரணம்!

ஒழுங்கு செய்தலுக்கு அரைநாள் போதும். சுவருக்குச் சுவர் தொங்கும் நகைக்கடை நாள்காட்டிகள், வாசற்படிச் செருப்புகள், கொடியில் உலரும் துணி, வரிசையாக நிற்கும் நெகிழிக் குடங்கள், கட்டிலடியில் திணித்த மூட்டைகள் ஆகியன அகன்றாலே அறை இரண்டடி அகன்றுவிடும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

நனைந்த தானியம்

படத்தை நன்றாக எடுத்தல் வேறு; நல்லதாகக் காட்டுதல் வேறு. இங்குதான் எச்சரிக்கை வேண்டும். கோவையின் சில பகுதிகள் கரிசல் நிலம். மழையில் பருத்தும் கோடையில் சுருங்கியும் அம்மண் அசைவதனால் சுவர்களில் விரிசல் காண்பதுண்டு. அவ்விரிசலுக்கு நேரே அலமாரியை நகர்த்திவைத்துப் படமெடுப்போர் உளர். ஓதம் ஏறிய சுவருக்கு ஒரு பூச்சுப் பூசி, அது காயுமுன் படமெடுத்து அனுப்புவோரும் உளர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்தது என்று வணிகர் கூறியபோது, மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவியதையும் நம் பெரியவர்கள் அறிவர். ஒளிப்படம் என்பது குவியலின் மேற்பரப்பே அன்றோ! ஈரம் எங்குள்ளது என்பதை அறிந்தவர் விற்பவர் ஒருவரே.

நாட்டின் சட்டமும் இதனோடு ஒத்தே நிற்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் இயல்பான கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் தாமே எடுத்துரைத்தல் வேண்டும். மறைத்தல் மோசடியாகக் கருதப்படும். புதிதாகக் கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு 2016ஆம் ஆண்டு நிலைச்சொத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டப்பட்டது பொய்யாகி, அதனை நம்பி முன்பணம் செலுத்தியவர் இழப்புற்றால் ஈடு கோரலாம். விலகிக்கொண்டு பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறவும் இடமுண்டு. குடியிருந்த வீட்டைத் தனியொருவர் விற்பது இச்சட்டத்தின் எல்லைக்குள் வாராது. வாங்குவோர் படத்தோடு நில்லாமல் நேரில் சென்று பார்த்தலும், வில்லங்கச் சான்றைப் பெறுதலும், வழக்கறிஞரிடம் தாய்ப்பத்திரத்தைக் காட்டுதலும் ஆகவே இன்றியமையாதன.

அகல வில்லையின் மாயமும் இவ்வகையினதே. கைப்பேசியில் உள்ள மிக அகன்ற பார்வைக்கோணம் பத்தடி அறையைப் பதினாறடிபோல் காட்டும். குறுகிய குளியலறைக்கு அதனைக் கையாள்வதில் தவறில்லை. பக்கத்தில் நீள அகலத்தை எழுதிவிடல் வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு, வெறும் அறைக்குள் இல்லாத சோபாவையும், வாடிய தோட்டத்தில் இல்லாத புல்வெளியையும் வைத்துத் தந்துவிடுகிறது. இவ்வாறு மாற்றிய படங்களை விளம்பரத்தில் இட்டால் அதனை வெளிப்படையாகக் கூறி, மாற்றாத மூலப் படத்தையும் காணத் தரவேண்டும் என அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2026 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நம் நாட்டிலும் அத்தகைய விதி வரவேண்டும் என்பது எம் கருத்து.

அறத்தை ஒருபுறம் வைத்துக் கணக்கு மட்டும் பார்த்தாலும் மிகைப்படம் இழப்பையே தரும். உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டிய படம் பத்துப் பேரை வரவழைக்கும். பத்துப் பேரும் முகம் சுளித்துத் திரும்புவர். ஒவ்வொரு முறையும் வீட்டிலுள்ள முதியோரும் பெண்களும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இடைஞ்சலுறுவர். விரிசலையும் ஒரு படமாகச் சேர்த்து, அதனைச் சரிசெய்ய ஆகும் செலவைக் குறிப்பிட்டு அனுப்பியவரிடம் மூவரே வரக்கூடும். அம்மூவரும் விலை பேச வருபவர்களாக இருப்பர்.

பத்திரப் பதிவிலேயே ஒளிப்படம் சான்றாக ஏறிவிட்டதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே பதிவுச் சட்டத்தில் சேர்ந்த 32ஏ பிரிவு, விற்பவர் வாங்குபவர் இருவரின் படத்தையும் விரல்ரேகையையும் பத்திரத்தில் இடுமாறு பணித்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் 2023 முதல் காலி மனைகளின் படத்தையும் புவிக்குறியீட்டுடன் இணைக்கும் நடைமுறை வந்துள்ளது. கட்டடம் இருக்கும் இடத்தைக் காலி மனையென்று எழுதிப் பதிவு செய்யும் வழக்கம் அதற்குக் காரணமாயிற்று.

காட்டக்கூடாதவை

குடும்பத்தார் முகங்கள், குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும், படத்தில் வரலாகாது. நிலைக்கண்ணாடியில் தெரியும் உருவத்தையும் நோக்கிக்கொள்க. இரும்புப் பெட்டி இருக்கும் இடம், பின்கதவுத் தாழ், வாசற்பெயர்ப் பலகை, மின்கட்டண அட்டை எண் ஆகியன வெளியார்க்கு வேண்டாதவை. வாடகைக்குக் குடியிருப்போர் இருப்பின் அவர்தம் இசைவு பெற்று, அவர்கள் ஒழுங்கு செய்துகொள்ள ஒருநாள் அவகாசம் தந்தபின்னரே கேமராவுடன் நுழைதல் பண்பாகும். பட்டா, பத்திரங்களைப் படமெடுத்துக் குழுக்களில் பரப்புவது மிகவும் தீங்கானது. வாங்க முன்வந்தவரிடம் நேரில் காட்டினால் போதும். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறியீடும் மறைந்து செல்லக்கூடும் என்பதனால், அவ்வமைப்பை முன்னரே நிறுத்திவிடுதல் நலம்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களே இனித் தத்தம் இல்லங்களிலும் உறவினர் இல்லங்களிலும் இப்பணிக்கு அழைக்கப்படுவர். வீட்டில் நல்ல கைப்பேசி பெரும்பாலும் அவர்களிடமே இருக்கிறது. எடுத்த படங்களைத் தரகர் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியே அனுப்பும்போது தெளிவு குறைந்துவிடும். கோப்பாக அனுப்பினால் குறையாது. யார் யாருக்கு, எந்தத் தளத்தில் கொடுத்தோம் என்பதை ஒரு தாளில் குறித்துவைத்தல் வேண்டும். பிறர் வீட்டுப் படத்தைக் காட்டி, வாடகைக்கு விடுவதாகக் கூறி முன்பணம் பறிக்கும் ஏமாற்று வேலை நகரங்களில் நடைபெற்று வருகிறது. அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பத்திரப் பதிவு முடிந்த அன்றே விளம்பரங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால், புதிதாகக் குடிவந்தவர் வாசலில் முன்பணம் கொடுத்து ஏமாந்த ஒருவர் வந்து நிற்கும் நிலை பெரும்பாலும் நேராது.